கீழைக்கரையில் கொம்பனி மாறிய வணிகர்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்றிடலில் கல்லடி அமைந்திருக்கிறது. எதிரே, நாற்புறமும் நீர் சூழ்ந்த புளியந்தீவில், முதலிற் பறங்கியர் எழுப்பிப் பின்னர் ஒல்லாந்தர் வசமான கோட்டை நிற்கிறது. ஆளுநர் மெனிங்கின் மனைவி பெயரைத் தாங்கிய இரும்புப் பாலம் 1924இல் அமையும் வரை, இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணியிலேயே செல்ல வேண்டியிருந்தது. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் ஆழமற்றது. மாரி வெள்ளத்தில் திறந்துகொள்வதும் கோடையில் மணல் மூடி அடைபடுவதும் அதன் இயல்பு. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து இக்கரையை நாடி வந்த பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. கப்பலிலுள்ள சரக்கும், அதில் முதலிட்டோரின் பணமும், மாலுமிகளின் உயிரும், சிறு படகில் மணல்மேட்டைக் கடந்து கரையேறி, ஊர்த்தலைவரோடும் அவர் வழியாகக் கண்டி மன்னரோடும் பேசி வணிகத்தை முடிக்கவல்ல ஒரு மனிதரின் கையில் இருந்தன. அத்தகைய மனிதரை எங்கே தேடுவது, கிடைத்தவரை எவ்வளவு தூரம் நம்புவது என்பது அக்காலக் கொம்பனிகள் அனைத்தையும் வருத்திய கேள்வியாகும்.

கொம்பனி என்னும் சொல் ஈழத்தமிழில் இன்றும் கொழும்பின் கொம்பனித்தெருவில் உயிரோடிருக்கிறது. பலரிடம் முதல் திரட்டி, அரசரிடமிருந்தோ அரசுச் சபையிடமிருந்தோ ஆசிய வணிகத்துக்கான தனியுரிமை பெற்று நடந்த அமைப்பையே அது முதலிற் குறித்தது. 1602 மார்ச் மாதத்தில் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் அலுவலரை உதவியாளர், கீழ்நிலை வணிகர், வணிகர், மேல்நிலை வணிகர் எனப் படிப்படியாக வகுத்திருந்தது. கோட்டையை ஆள்பவரும், படையோடு செல்பவரும், மன்னரிடம் தூது போகிறவரும் பெரும்பாலும் இந்த ஏணியில் ஏறியவர்களே. ஆளுநரையும் அவர் வணிகராக எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கொண்டே கொம்பனி அளந்தது. ஓர் உதவியாளர் மேல்நிலை வணிகராக வளர்ந்துவரப் பல ஆண்டுகள் பிடித்தன. காலந்தாழ்த்தி ஆசியாவுக்குப் புறப்பட்ட டென்மார்க்குக்கும் பிரான்சுக்கும் அவ்வளவு காலம் காத்திருக்கும் பொறுமை இல்லாதிருந்தமையால், ஒல்லாந்தரிடம் தொழில் பயின்று மனக்கசப்போடு வெளியேறியவர்களைக் கூடுதல் பதவியும் பட்டமும் தந்து அவை அமர்த்திக்கொண்டன. அவ்வாறு கொம்பனி மாறியவர்களுள் சிலருடைய வாழ்க்கை இலங்கையின் கீழைக்கரையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கிறது.

அனுபவம் மட்டும் போதாது என்பதை வாவிக்கரை முதன்முதலாகக் கண்டது 1603இல். அதற்கு முந்திய ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக்கு வந்த யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன், சேலாந்து மாகாண வணிகரான பல்தசார் தெ மூஷெரோனின் முதலீட்டில் புறப்பட்டவர். அவர் உள்நாட்டு வழியே கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரிய மன்னரைக் கண்டு, பகையின்றித் திரும்பிச் சென்றார். அவரைத் தொடர்ந்து வந்த செபால்ட் தெ வேர்ட், கடலனுபவத்தில் ஸ்பில்பெர்கனுக்குச் சிறிதும் இளைத்தவரல்லர். 1598இல் ரொட்டர்டாமிலிருந்து மகெல்லன் நீரிணைக்குப் போய்ச் சிதறுண்ட கப்பற் கூட்டத்திலிருந்து தம் கப்பலைத் தாயகத்துக்கு மீட்டு வந்தவர் அவர்; தென்னத்திலாந்திக்கில் ஒரு தீவுக் கூட்டம் நெடுங்காலம் அவர் பெயரால் வழங்கிற்று. ஆனால் அந்த அனுபவம் கடலையும் கப்பலையும் பற்றியதே. காலித் துறைமுகத்தைக் கடல்வழியாக அடைத்துப் போர்த்துக்கேயரை விரட்ட உதவுவதாக மன்னருக்கு வாக்களித்த தெ வேர்ட், பின்னர் தாம் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்தோரை மன்னர் கேட்டும் ஒப்படைக்காமல் விடுவித்தார். மட்டக்களப்புக்கு நேரில் வந்திருந்த மன்னரின் முன்னிலையில், மது மயக்கத்தில், அரசியைக் குறித்துத் தகாத சொல் சொன்னார் என்பது பெரும்பாலான வரலாறுகள் தரும் செய்தி. 1603 ஜூன் மாதத் தொடக்கத்தில் அவரும் அவரோடு வந்த ஏறத்தாழ 50 பேரும் இக்கரையிற் கொல்லப்பட்டனர். அந்தச் சொல்லையே கொலைக்கு முழுக் காரணமாகக் காட்டுவது கதைக்குச் சுவை தரலாம். ஆயினும், தமக்கு ஆகாதவரை விடுவித்த செயலே மன்னரின் கணக்கிற் பெரிய வாக்குமீறலாக இருந்திருக்க வேண்டும்.

கொம்பனி மாறியோருள் மிக விசித்திரமானவர் மார்செலிஸ் தெ போஷௌவர். ஒல்லாந்தக் கொம்பனியின் கீழ்நிலை வணிகரான அவர், விமலதர்மசூரியருக்குப் பின் அரசேறிய செனரத் மன்னருடன் 1612இல் ஓர் உடன்படிக்கை செய்து முடித்த பின், கொம்பனியின் பிரதிநிதியாகக் கண்டியிலேயே தங்க நேர்ந்தது. மன்னருக்கு அவர்மேற் பிடிப்பு உண்டாயிற்று; மிகோமுவ இளவரசர் என்னும் பட்டமும் அரசவையில் ஆலோசகர் என்னும் இடமும் கிடைத்தன. அவர் வேண்டுமென்றே கட்டிய கதையென இதனைத் தள்ளிவிட முடியாது. அயல்நாட்டு அறிவுள்ளவரைப் பட்டங்கொடுத்துத் தன்னோடு பிணைத்துக்கொள்வது கண்டி அரசின் வழக்கமாயிருந்தது. 1615இல் போர்த்துக்கேயருக்கு எதிராகப் படையுதவி திரட்டிவரப் புறப்பட்ட போஷௌவர், முதலில் ஆசியாவிலிருந்த ஒல்லாந்த அதிகாரிகளையும் பின் ஒல்லாந்தையும் அணுகினார். கீழ்நிலை வணிகராகப் போனவர் இளவரசராகத் திரும்பி வந்து, அந்தத் தகுதிக்குரிய மரியாதையைத் தம் பழைய முதலாளிகளிடமே எதிர்பார்த்தார். அவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

கோபன்ஹேகனில் நிலைமை வேறு. நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் ஆதரவில் 1616 மார்ச்சில் டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கொம்பனி உரிமைப் பத்திரம் பெற்றிருந்தது. அதற்கு முன்முயற்சி எடுத்த இருவரும்கூட ஒல்லாந்தத் துறைமுகங்களிலிருந்து வந்த வணிகரே. கொம்பனிக்குப் பெயர் இருந்தது, முதல் சிறிதளவு இருந்தது. ஆசியக் கரையை நேரிற் கண்டவர் அரிது. கண்டி அரசவையில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த ஒருவர் அந்நேரத்தில் வந்து சேர்ந்தமை, அவர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலாயிற்று. 1618 மார்ச்சில் இலங்கைப் பேரரசரின் தூதர் என்ற நிலையிற் போஷௌவர் கிறிஸ்டியன் மன்னருடன் உடன்படிக்கை செய்தார். படையுதவிக்கு ஈடாக வணிகத் தனியுரிமை என்பதே அதன் சாரம். அவர் சொல்வதைச் சரிபார்க்க டென்மார்க்கில் ஆளில்லை. இலங்கைக்கு எழுதிக் கேட்டு மறுமொழி பெற மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்.

அதே ஆண்டிற் புறப்பட்ட கப்பல்களின் தலைமை, 24 வயதையும் எட்டாத பிரபுகுலத்து இளைஞரான ஓவ யெத்தவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு வணிக அனுபவம் கிடையாது. மன்னரின் நம்பிக்கையே அவருடைய தகுதி. முன்னோடியாக ஓரெசுண்ட் என்னும் சிறு கப்பலிற் சென்றவர் ரோலண்ட் கிராப்பே. ஒல்லாந்தரான இவர், ஒல்லாந்தக் கொம்பனியில் ஆசியத் தொழில் பயின்று டேனியர் சேவைக்கு மாறியவர். பட்டமோ இளவரசுரிமையோ கொண்டாடாதவர். ஆக, ஒரே முயற்சியில் மூவகை மனிதர் இருந்தனர்: அரசரின் நம்பிக்கைக்கு உரியவர் ஒருவர், கைப்பழக்கமுள்ள வணிகர் ஒருவர், பெரும் உறவுகளை வாக்களித்தவர் ஒருவர். மூன்றாமவர் இலங்கையைக் காணாமலே வழியிற் கடலில் இறந்துபோனார்.

1620 மே மாதத்திற் கீழைக்கரையை அடைந்த யெத்த, செனரத் மன்னரிடம் உடன்படிக்கையை எடுத்துக்காட்டியபோது, அப்படியொரு பொறுப்பைப் போஷௌவருக்குத் தாம் கொடுக்கவில்லை என்று மன்னர் மறுத்தார். டேனியர் இதனை ஏமாற்று என்றே கொண்டனர். பிற்கால ஆசிரியர் பலரும் அவ்வாறே எழுதியுள்ளனர். எனினும் இடையிலே என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போஷௌவர் புறப்பட்ட 1615இல் மன்னருக்குப் படையுதவி உயிர்த்தேவையாயிருந்தது. 1617இல் மன்னர் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்துகொண்டார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த உதவியை, அதுவும் பெருஞ்செலவுக் கணக்கோடு வந்த உதவியை, அவர் ஏற்க வேண்டிய அவசியம் நீங்கியிருந்தது. ஒருவருடைய அனுபவமும் தொடர்புகளும், நெல்லைப்போல் ஒரு போகத்துக்கு மேல் வைத்திருந்தால் உளுத்துப்போகும் சரக்கு என்பதைக் கோபன்ஹேகன் உணர்ந்திருக்கவில்லை. திருகோணமலையில் ஒரு கோட்டைக்கு அடித்தளமிட்டதோடு இலங்கை முயற்சி ஓய்ந்தது.

எதிர்க்கரையான சோழமண்டலத்திற் கதை வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. ஓரெசுண்ட் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கேயர் தாக்கி அழித்தனர்; மாலுமிகளுட் பெரும்பாலோர் மடிந்தும் சிறைப்பட்டும் போக, கொல்லப்பட்ட இருவரின் தலைகள் கடற்கரையிற் கழிகளின்மேல் நாட்டப்பட்டன. தப்பிய கிராப்பேயும் 13 பேரும் கரையேறித் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் ஆட்களிடம் அகப்பட்டு அரசவைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கப்பலும் இல்லை, காணிக்கைப் பொருளும் இல்லை. போர்த்துக்கேயருக்கு மாற்றாக ஒரு வாங்குநர் கிடைத்தால் நாயக்கருக்கு என்ன ஆதாயம் என்பதை எடுத்துச் சொல்லும் திறமை ஒன்றே கிராப்பேயிடம் எஞ்சியிருந்தது. 1620 நவம்பரில், யெத்தவும் வந்து சேர்ந்த பின், தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் நாயக்கர் இசைந்தார். இது தொடர்பாக அவர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்த மடல் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. வணிகம் நாடி வந்தவர் வெறுங்கையோடு நின்றபோது பொன்னில் எழுதிக் கொடுத்தது அனுமதி தந்தவர் பக்கம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

யெத்த தாயகம் திரும்பியபின் தரங்கம்பாடித் தலைமை கிராப்பேயிடம் வந்தது. 1636 வரை அவரே நடத்தினார். டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது அரிது. வந்தாலும் முதல் போதாது. ஆகையால் அவர் ஐரோப்பாவை எதிர்பாராமல், சோழமண்டலத் துணியை மக்கசார் போன்ற தீவுத் துறைகளுக்குக் கொண்டுசென்று விற்று, அங்கே கிராம்பு வாங்கி வந்து இங்கே விற்கும் ஆசியத் துறைமுகங்களுக்கிடையேயான வணிகத்தை நம்பினார். ஒல்லாந்தக் கொம்பனியிலிருந்து அவர் கொண்டுவந்த உண்மையான மூலதனம் இந்த வழிமுறை பற்றிய அறிவுதான். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பேரண்ட் பெஸ்ஸார்ட்டும் ஒல்லாந்தரே. அனுபவம் எனும் அளவுகோலில் இருவரும் ஒரே தரம். ஆயினும் பெஸ்ஸார்ட் காலத்திற் கடன்மேற் கடன் ஏறி, கோட்டையை விலைபேசும் அளவுக்குக் கொம்பனி நொடித்தது. கணக்குக் கேட்க அனுப்பப்பட்ட வில்லம் லெயல் 1639இற் புறப்பட்டு, வழியிற் பல தடைகள் பட்டு, 1643இலேயே வந்து சேர்ந்தார். கணக்குக் காட்ட வேண்டிய பெஸ்ஸார்ட் இறுதியில் ஓடிப்போனார். ஆளை அமர்த்திய கோபன்ஹேகனுக்கும் ஆள் வேலை செய்த தரங்கம்பாடிக்கும் இடையே இத்தனை ஆண்டுத் தூரம் இருக்கையில், ஒருவர் கிராப்பேயா பெஸ்ஸார்ட்டா என்பதை அமர்த்தும் நாளிற் கண்டறிய எந்த வழியும் இருக்கவில்லை.

டேனியரின் தோல்வியுற்ற வருகை மட்டக்களப்புக்கு ஒரு நேரடி விளைவைத் தந்தது. அயலார் நுழையக்கூடிய வாயில்கள் கீழைக்கரையில் திறந்து கிடப்பதைக் கண்ட போர்த்துக்கேயர் முதலில் திருகோணமலையிலும், தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சாவின் காலத்தில் 1628இல் புளியந்தீவிலும் கோட்டை கட்டினர். கண்டிக்குக் கடல் வாயில் அடைபட்டது. அதைத் திறக்க வேண்டியே செனரத்தின் மகன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே 18ஆம் திகதி அடம் வெஸ்டர்வோல்டின் படையிடம் கோட்டை வீழ்ந்தது, சில நாட்களில் இங்கேயே உடன்படிக்கையும் எழுதப்பட்டது. பின்னர் கோட்டை கைமாறி, 1660களின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் மீண்டும் வந்து நிலைத்தனர். கொம்பனி மாறிய அடுத்தவரின் திட்டத்துக்கு இதுவே பெருந்தடையாயிற்று.

அவர் பிரான்சுவா கரோன். பிரசல்சில் பிறந்த புரட்டஸ்தாந்தரான கரோன், 1619இற் சமையல் உதவியாளராக ஒல்லாந்தக் கப்பலேறி, யப்பான் சென்று மொழி கற்று, துபாசியாகி, அங்குள்ள வணிக நிலையத்தின் தலைவராக உயர்ந்தார். துபாசி என்பவர் இரு மொழியறிந்து கொம்பனிக்கும் ஊராருக்கும் இடைநின்று பேசுபவர். சோழமண்டலக் கரையில் அப்பணியைத் தமிழரும் தெலுங்கரும் செய்தனர், யப்பானில் ஓர் ஐரோப்பியர் செய்தது அரிது. 1644இல் நீர்கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தப் படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஒல்லாந்தரின் ஆசியத் தலைமையிடமான பத்தேவியாவில் தலைமை ஆளுநருக்கு அடுத்த பதவி வரை ஏறியவர், சொந்த வணிகம் செய்தார் என்ற குற்றச்சாட்டோடு ஐரோப்பாவுக்கு அழைக்கப்பட்டார். கொம்பனி தரும் சொற்பச் சம்பளத்தில் எவரும் வாழ இயலாமையால் சொந்த வணிகம் எல்லாரும் செய்ததே. யாரை வெளியேற்ற விரும்பினார்களோ அவர்மேல் மட்டும் அது குற்றமாகப் பதிந்தது.

பிரான்சின் அமைச்சர் கொல்பேர் 1664இல் கிழக்கிந்தியக் கொம்பனியை நிறுவியபோது, அடுத்த ஆண்டே கரோனைத் தலைமை இயக்குநர்களுள் ஒருவராக அமர்த்தினார். அறுபதைக் கடந்திருந்த கரோனை ஒல்லாந்தர் துரோகியென்றே கருதினர். 1668இல் சூரத்தில் நிலையம் அமைத்த அவருக்குக் கீழ் மார்க்கரா என்னும் ஆர்மேனியரும் இருந்தார். பாரசீக இஸ்பகானைச் சேர்ந்த மார்க்கரா தம் தொடர்புகளைக் கொண்டு 1669இல் கோல்கொண்டா சுல்தானிடம் அனுமதி பெற்று மசூலிப்பட்டினத்தில் நிலையம் திறந்தார். வெற்றியோடு நின்ற அவரைக் கரோன் கைதுசெய்வித்தமை பிரான்சில் நெடுநாள் வழக்காயிற்று. ஒல்லாந்த முறையில் ஊறிய கரோனுக்கு மேலிருந்து வரும் கட்டளையும் கணக்குப் பேரேடுமே வணிகம். ஆர்மேனிய வணிகருக்கோ உறவும் முகத்தாட்சிணையும் முதல். இரு வகை அனுபவங்களை ஒரே கூரையின்கீழ் வாங்கிவைத்த கொம்பனி, எது மேல் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை.

கரோனின் பெருங்கனவு இலங்கை. ஒல்லாந்தரின் பலவீனம் எங்கே என்பதை உள்ளிருந்து கண்டவர் என்ற முறையில், கீழைக்கரையில் ஒரு துறைமுகத்தைப் பிடித்தால் அவர்களின் கறுவா வணிகத்தைக் குலைக்கலாம் என அவர் வற்புறுத்தினார். 1672 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹேயின் கப்பற்படை திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. இராசசிங்கன் இசைவு தந்தான். ஆனால் உணவு கிடைக்கவில்லை, நோய் பரவியது, ஒல்லாந்தத் தளபதி ரைக்லொப் வான் கூன்ஸின் கப்பல்கள் சுற்றி வளைத்தன, மட்டக்களப்பும் ஒல்லாந்தர் கையில் இருந்தமையால் தெற்கேயிருந்து உதவிக்கு வழியில்லை. கரோன் அறிந்திருந்தது 1640களின் இலங்கை. அன்று ஒல்லாந்தர் போர்த்துக்கேயரோடு துறைமுகம் துறைமுகமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். 1672இல் கரையோரம் முழுவதும் அவர்களுடையது. சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர் விலகிச் சென்று சாந்தோமைப் பிடித்துச் சிலகாலம் வைத்திருந்தனர். திருப்பியழைக்கப்பட்ட கரோன் 1673 ஏப்பிரலில், லிஸ்பன் துறைமுக வாயிலிற் கப்பல் மூழ்கி மாண்டார். அதன் மறு ஆண்டிற் புதுச்சேரியில் காலூன்றிய பிரான்சுவா மார்த்தேன், பிரெஞ்சுக் கொம்பனியிலேயே கீழ்நிலை வணிகராகச் சேர்ந்து இந்த இடிபாடுகளுக்குள் தொழில் கற்றவர்.

ஆள் போனால் அறிவும் போய்விடுகிறது என்னும் இடரை ஒல்லாந்தக் கொம்பனி வேறொரு வழியிற் சமாளித்தது. பதவியை விட்டு விலகும் ஒவ்வொரு தலைவரும் தமக்குப் பின் வருபவருக்காக, கையளிப்புக் குறிப்பு என்னும் நீண்ட அறிக்கையை எழுதிவைக்க வேண்டும். எந்தத் தலைவரை நம்பலாம், எந்த வருமானம் எந்த மாதத்தில் வரும், எந்தப் பிணக்கைக் கிளறக் கூடாது என்பவையெல்லாம் அதில் இடம்பெறும். மட்டக்களப்பைப் பொறுத்தவரை அவற்றுள் மிகச் சிறந்தது, சுவிற்சர்லாந்தில் பிறந்து இங்கே பத்தாண்டளவு தலைவராயிருந்த யாக்கோப் பர்னாண்ட் 1794இல் எழுதியது. பற்றுகள் எனப்படும் பிரிவுகளின் நிலவருமானத்தையும், அவர் முனைந்து பெருக்கிய நெற்செய்கையையும், ஊராட்சி நடந்த முறையையும் அக்குறிப்பு விரித்துரைக்கிறது. யப்பானையோ பத்தேவியாவையோ கண்ட பெருமை பர்னாண்டுக்கு இல்லை. வாவியின் இரு கரைகளிலும் எந்த வயல் எப்போது விளையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்குறிப்பு எழுதப்பட்ட மறு ஆண்டு, 1795 செப்டெம்பரில், ஆங்கிலேயர் மட்டக்களப்பைக் கைப்பற்றினர். அதே ஆண்டில், ஒல்லாந்தக் கொம்பனியின் சம்பளத்தில் இலங்கையைக் காத்துவந்த தெ மியூரோன் என்னும் சுவிற்சர்லாந்துப் படையணியை, அதன் உரிமையாளரோடு ஐரோப்பாவிலேயே விலைபேசி, ஆளோடும் ஆயுதத்தோடும் ஆங்கிலேயர் தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். அடுத்து வந்த, ஆங்கிலக் கொம்பனியின் சென்னை அரசு, வருமானம் திரட்டுவதில் தேர்ந்தவர்களென்று அமில்தார்களைச் சோழமண்டலத்திலிருந்து கொண்டுவந்து, ஊர்த்தலைவர்களை விலக்கி, பழகிய சேவை முறைகளை மாற்றி, தென்னை மரத்துக்கு வரி விதிக்க, 1797இற் கிளர்ச்சி வெடித்தது. காரணத்தை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர், கொம்பனி மாறிய அப்படையணியின் பியர் பிரடெரிக் தெ மியூரோன். இலங்கையில் நிலமும் சேவையும் எவ்வாறு பிணைந்திருந்தன என அறிய அவர் நாடியது, தம்மைப் போலவே ஒல்லாந்தர் சோற்றை உண்டிருந்த பர்னாண்டை.